பவளம் அக்காவின் கிணறு

ஆகஸ்ட் 19, செவ்வாய்.

என் சிநேகிதன் சிவநேசனின் வளவுக்கு அடுத்த வீட்டில் இருக்கும் பவளம் அக்கா இன்று என்னைக் கூப்பிட்டுத் தேநீர் தந்தார். வாயில் வைத்ததும் கரித்தது.

"சீனி மட்டும்தான் நான் போட்டனான், தம்பி. உப்பு உங்கட சிநேகிதர் போட்டது."

கப்பல் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சிவநேசன், துறைமுகத்தைப் பார்த்த தன் பெரிய வளவு முழுவதையும் ஜப்பானியத் தோட்டமாக்கியிருக்கிறான். பாறைகள், மரப்பாலம், வண்ண மீன்கள் நீந்தும் குளம். குளத்துக்காகக் குழாய்க்கிணற்று மோட்டர் ஓயாமல் ஓடுகிறது. நிலத்தடி நல்ல தண்ணீரை அது இழுத்துவிட, அக்காவின் கிணற்றில் கடல்நீர் ஏறிவிட்டது. அவர் முறையிடப் போன பிரதேச சபை அலுவலகத்தில், போன மாதம் தோட்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் நான் எழுதிய கட்டுரையை எடுத்துக் காட்டினார்களாம். "அயலவர்களுக்கும் இந்தத் தோட்டம் பெருமை" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அது சிவநேசன் சொன்னது. முப்பது வருடம் செய்தி எழுதிய நான், அயலவர் ஒருவரையும் கேட்கவில்லை.

சிவநேசனிடம் போனேன்.

"நிப்பாட்ட ஏலாது மச்சான். தண்ணி ஓடாட்டி மீன் செத்துப்போகும்."

பத்திரிகை ஆசிரியருடன் தொலைபேசியில் பேசினேன்.

"நாங்கள் போட்டதை நாங்களே பிழை எண்டு போடுறதோ? விடுங்கோ அண்ணை."

திரும்பும்போது அக்கா குடத்துடன் வாசல் படலையடியில் நின்றார்.

"என்னவாம், தம்பி?"

"பாப்பம் அக்கா."

"ஓம். பாப்பம் எண்டுதான் அலுவலகத்திலயும் சொல்லிவிட்டவை."

தெருமுனைக் குழாயை நோக்கி மெல்ல நடந்தார். முழங்கால் வருத்தக்காரி. குடத்தை நான் வாங்கியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.