மூன்று முறை அணைந்த மெழுகுதிரி

இன்று காலை காந்திகிராமத்திலிருந்து ஒரு மாணவி வந்தாள். உன் பேய்க்கதை வெளிவந்த பழைய வார இதழைப் பிரித்து என் மடியில் வைத்தாள். மக்கிய தாளின் நெடி மூக்கில் ஏறியது. எந்த வெளிநாட்டுக் கதையின் சாயல் இதில் இருக்கிறது என்று கேட்டாள். நீ இங்கிலீஷ் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கினவனே தவிர, படித்தவன் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் கதை யாரை என்ன செய்தது என்று அவள் கேட்கவில்லை.

கல்லறைத் திருநாளன்று மூன்று முறை ஏற்றியும் மெழுகுதிரி நிற்காவிட்டால் அந்தக் கல்லறைக்குள் ஆள் இல்லை, வெளியே அலைகிறான். இதுதானே உன் கதை? நாம் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினாய். அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல் முழுக்க அதே பேச்சு. நவம்பர் காற்றுக்கு எந்தத் திரிதான் நிற்கும்? ஆனாலும் அந்த வருஷம் கல்லறைத் தோட்டத்தில் குடையும் முந்தானையுமாகத் திரியைக் காத்து நின்றார்கள். நீ பெருமையில் மீசையைத் தடவிக்கொண்டாய். எனக்கும் பெருமைதான்.

அப்போதுதான் சூசையம்மாள் மண்வெட்டியோடு வந்தாள். லாரியில் கிளீனராகப் போன அவளுடைய ஒரே மகன், கொடைக்கானல் மலைப்பாதையில் வண்டி உருண்டு செத்தவன். ஆணியடித்த பெட்டியில்தான் வந்தான். முகத்தை அவளுக்குக் காட்டவில்லை. அவன் திரி மூன்று முறையும் அணைந்திருந்தது.

"எம் புள்ள உள்ள இருக்கானான்னு பாத்துட்டுப் போயிர்றேன்" என்றபடி கொத்த ஆரம்பித்தாள். தடுக்கப் போனவர்களை மண்வெட்டியை ஓங்கி விரட்டினாள்.

நீ ஓடிப்போய் அவள் முன்னால் மண்டியிட்டாய். "அம்புட்டும் பொய்யி ஆத்தா. நானா இட்டுக்கட்டுனது."

"பொய்ய எப்படி சார் அச்சுல போடுவாக?" என்று கேட்டுவிட்டு மறுபடி கொத்தினாள். முழங்கால் ஆழத்துக்கு மண் இறங்கிவிட்டது.

உன் முகம் வெளுத்துப்போய்விட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாய்: "பெட்டி மூடுறப்ப நான் கூட இருந்தேன் ஆத்தா. உம் மகந்தான். தூங்குறாப்புல கெடந்தான்."

பெட்டியை மூடிய அன்றைக்கு நாம் இருவரும் மதுரையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தோம். அவள் உன்னை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் பாத்தீகளா சார்?"

தலையாட்டினேன். அவள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து, வெட்டிய மண்ணைக் கையாலேயே திரும்பத் தள்ளினாள். நாமும் கூடத் தள்ளினோம்.

அதற்குப் பிறகு நீ பேய்க்கதை எழுதவே இல்லை. நீ போய்ச் சேர்ந்தும் வருஷம் பல ஆகிவிட்டது. நான் மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். மற்றதையெல்லாம் சாமியாரிடம் சொல்லிவிடுகிறேன், அன்றைக்குத் தலையாட்டியதை மட்டும் சொல்வதில்லை. சொன்னால், அதற்காக மனம் வருந்துகிறேன் என்றும் சொல்ல வேண்டும். எனக்கு வருத்தம் இல்லையடா.