என்னை ஏற்ற வந்த வேன்

அம்மா, உங்கள் எடில்பெர்த்தோவை ஆசீர்வதியுங்கள். மூட்டுவலி குறைந்ததா? நான் நலம். டிவியில் நான் தெரியவில்லையே என்று பயப்படாதீர்கள். கேமரா முன்னால் போகிறவர்களோடு போகிறது. நேற்று நான் எல்லோருக்கும் பின்னால் இருந்தேன்.

இந்த இத்தாலிக்காரர்கள் சைக்கிள் பந்தயத்தில் ரொம்பப் பின்தங்குகிறவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வேனை அனுப்புவார்கள். அதில் ஏறினால் பந்தயமும் போச்சு, அணியோடு அடுத்த வருட ஒப்பந்தமும் போச்சு. நேற்று மலைச் சாலை ஏற்றத்தில் அது என் முதுகை ஒட்டியே வந்தது. ஓட்டுநர் குவால்தியேரோ தலையை நீட்டினார்.

"தம்பி, சூடா சூப் இருக்கு. ஏறிக்கோ."

"வேணாம்ணே, பசியில்ல."

"பொய் சொல்லாத. உன் வயிறு கத்துறது இங்க வரைக்கும் கேக்குது."

உண்மையைச் சொன்னால், நிறுத்திவிடலாம் என்று என் கை பிரேக்குக்கே போய்விட்டது. அப்போது பின்னால் புஸ்ஸென்று ஒரு சத்தம். திரும்பினால், வேன் ஆவி கக்கிக்கொண்டு நிற்கிறது.

"இன்ஜின் சூடாயிடுச்சுடா! மேல போய் யாரையாவது அனுப்பு!"

எனக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ! சிரித்துக்கொண்டே மிதித்தேன். வந்து சேர வைத்த காலக்கெடு முடியச் சில நொடிகள் இருக்கும்போது எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் எங்கள் அணி மேலாளர், "உன்ன ஏத்த வந்த வண்டிக்கு நீ ஆள் அனுப்புறியா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இன்னும் சில நாள் பந்தயம் பாக்கி. கொய்யா இனிப்பு கொஞ்சம் அனுப்புங்கள். நம் ஊர்ப் பத்திரிகையில் சுற்றி அனுப்புங்கள், பழையதானாலும் பரவாயில்லை. யார் மாடு விற்கிறார்கள் என்றாவது படித்துக்கொண்டிருப்பேன்.

கால் பிடித்துவிடுகிறவர் கத்துகிறார், ஓடுகிறேன்.

எடில்பெர்த்தோ