வாய்க்காலுக்கு வாழ்க்கைப்பட்டவள்

இஸ்பஹான்,
ரஜப், பிறை ஐந்து

அண்ணன் பீரூஸ் அவர்களுக்கு, சுல்தானின் வசீர் மஸ்ஊத் எழுதுவது.

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. விதவையாயிருந்த நம் மாஹ்பானு அக்காவை, சீப்தர்ரா ஊரின் நிலத்தடி வாய்க்காலுக்கு நீங்கள் நிக்காஹ் செய்துவைத்தீர்களாமே? நேற்று சபையில் ஒருவன் என் காதுபடச் சொன்னான்: "வசீரோட மச்சானுக்குக் கை கால் கிடையாதாம். ஆனா நல்லா ஓடுவாராம்!" சுல்தானே தாடிக்குள் சிரித்தார்.

அரசர்களுக்கு ஆட்சிமுறை நூல் எழுதிக் கொடுத்தவன் நான். என் பாடல்களைச் சமர்கந்து வரை மனப்பாடம் செய்கிறார்கள். இந்த மூடத்தனம் என் வீட்டிலா?

அக்காவை உடனே அனுப்பிவையுங்கள். குதிரைப்படைத் தலைவர் அமீர் யோல்தாஷ் அவளை மணக்க இசைந்திருக்கிறார். அவர் என் பக்கம் நிற்காவிட்டால் இந்தத் தலைப்பாகை என் தலையில் நிற்காது. தலையும் நிற்காது.

மஸ்ஊத்


சீப்தர்ரா,
ஷாபான், பிறை இரண்டு

வசீருக்கு, அண்ணன் பீரூஸ் சொல்லச் சொல்ல நம் பள்ளிவாசல் இமாம் எழுதுவது.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். "இந்த வார்த்தைய கொஞ்சம் மாத்திக்கலாமா பீரூஸ்?" என்று இமாம் கேட்கிறார். "சொன்னத எழுதுங்க. அவன் என்ன கண்ணாடியா, ஒடஞ்சு போக?" என்றேன்.

போன வருஷம் வாய்க்காலில் கணுக்கால் நனையத் தண்ணீர் இல்லை. பாதாம் மரங்கள் பூத்த பூவோடு கருகின. அப்படி ஆனால் நம் ஊரில் என்ன செய்வோம் என்பது உனக்கு மறந்திருக்கும். விதவை ஒருத்தியை வாய்க்காலுக்குக் கட்டிவைப்போம். அவள் அதில் இறங்கிக் குளிப்பாள். வீட்டுக்கு வீடு அவளுக்குக் கோதுமை கொடுப்போம். நான் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை. மாஹ்பானு தானாக முன்னால் வந்தாள். "மொதப் புருஷன் பொழுதுக்கும் கத்துவான். இவரு முணுமுணுக்கறதோட சரி" என்றாள். பெண்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் குளிர்காலமே முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. நீ நம்பினால் நம்பு.

அந்த முதல் புருஷன் எப்படி வந்தான்? நிஷாபூருக்குப் படிக்கப் போகக் கோவேறு கழுதை வேண்டும் என்று நீ தரையில் புரண்டு அழுதாய். கழுதை, மாவரைக்கும் ரூஸ்பேயிடம் இருந்தது. அவன் பதிலுக்குப் பெண் கேட்டான். அப்பா கொடுத்தார். அவளுக்குப் பதினான்கு வயது, அவனுக்கு அப்பா வயது. நீ ஏறி உட்கார்ந்து போனபோது வாசலில் நின்ற அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கழுதைதான் திரும்பிப் பார்த்தது.

அன்று ஒரு கழுதைக்காகக் கொடுத்தோம். இன்று ஒரு தலைப்பாகைக்காகக் கொடுக்க மாட்டேன். அவளும் வரமாட்டாள்.

பீரூஸ்


இஸ்பஹான்,
ஷாபான், பிறை இருபது

சீப்தர்ரா பீரூஸுக்கு,

உம் கழுதைக் கதையை என் எழுத்தர் உரக்கப் படித்தார். அறையில் என் எதிரியின் மருமகனும் இருந்தான்.

அமீர் ரமலான் முடிவதற்குள் மணப்பெண்ணை எதிர்பார்க்கிறார். அடுத்த மாதம் ஷவ்வாலில் சுல்தானின் கூடாரம் புறப்படும்போது அவர் யார் பக்கம் நிற்பார் என்பது இதைப் பொறுத்திருக்கிறது. அவளுக்குக் கணவன் இருக்கிறான் என்கிறீர். நல்லது. இத்துடன் வரும் வீரர்கள், நீர் ஊறித் தொடங்கும் தாய்க்கிணற்றில் மண்ணைக் கொட்டி வாய்க்காலை அடைப்பார்கள். கணவன் செத்தான், அவள் விதவை. விதவை மறுமணம் செய்யலாம். பல்லக்கில் ஏற்றி அனுப்பும்.

இதை எழுதுவதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. வருத்தமும் இல்லை.

வசீர் மஸ்ஊத்


சீப்தர்ரா,
ரமலான், பிறை ஒன்பது

வசீர் மஸ்ஊதுக்கு,

உன் ஆட்கள் வேலையை முடித்துவிட்டார்கள். ஒட்டகம் ஒட்டகமாக மண் வந்து விழுந்தது. மாலைக்குள் ஊர்க்குளம் சேறாகிவிட்டது. மேய்ப்பன் கூத்ரத் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டான். இன்னும் பலர் போவார்கள். நீ பிறந்த ஊர் நோன்பு திறக்கும் தண்ணீரைப் பக்கத்து ஊரில் கெஞ்சி வாங்குகிறது.

மறுநாள் உன் வீரர்களின் தலைவன் வாசலில் வந்து, "கெளம்புங்கம்மா, பல்லக்கு நிக்குது" என்றான். மாஹ்பானு துக்க உடையில் வந்து கதவருகே நின்றாள்.

"எம் புருஷன் நேத்துத்தான் போய்ச் சேந்தாரு. மண்ணு போட்டவனே நீதான். நாலு மாசம் பத்து நாள் நான் இத்தா இருக்கணும். வாசப்படி தாண்டக் கூடாது."

"வாய்க்காலுக்கெல்லாமா இத்தா இருப்பாங்க?"

"கணவன் செத்தான்னு உங்க வசீரே கைப்பட எழுதியிருக்காரு. அவர விட மார்க்கம் படிச்ச ஆலிமா நீ?"

அவன் என் பக்கத்தில் நின்ற இமாமைப் பார்த்தான். இமாம் கூரையைப் பார்த்தார். அவள் மனம் மாறும் என்று ஊர் எல்லையிலேயே கூடாரம் போட்டுக் காத்துக் கிடந்தவன், இன்று புறப்படுகிறான். காலிப் பல்லக்கும் இந்தக் கடிதமும் சேர்ந்து வரும். அமீரிடம் என்ன சொல்வாயோ, நீதான் வார்த்தைக்குப் பஞ்சமில்லாதவன் ஆயிற்றே.

இன்னும் ஒன்று. அவள் புருஷனுக்கு மட்டும் துக்கம் காக்கவில்லை. நானும் அவளோடு உட்கார்ந்தேன். புருஷனைத் தவிர வேறு யார் இறந்தாலும், கூடப்பிறந்தவனே ஆனாலும், மூன்று நாளுக்கு மேல் துக்கம் காக்கக் கூடாது என்று இமாம் சொன்னார். உனக்கான மூன்று நாள் நேற்றோடு முடிந்தது.

பீரூஸ்