கெர்ட்ரூட் சேமித்த கோப்பு

3 மார்ச் 2025, ஜொகூர் பாரு

1. நான், லூயிஸ் சவரிமுத்து, வயது அறுபத்தாறு, ஓய்வுபெற்ற வழக்கறிஞர், இதை எனக்கு நானே எழுதிக்கொள்கிறேன்.

2. என் பழைய அலுவலகக் கணினிகள் இரண்டையும் மகன் எல்வினோடு சேர்ந்து பழுதுபார்த்து இன்று இயக்கிவிட்டேன். வட்டில் எழுத வேண்டியதை இரண்டுமே முதலில் நினைவகத்தில் தேக்கிவைத்து, சில நொடிகள் கழித்தே எழுதும். ஒன்றில் அதற்கென்று பேட்டரியுடன் தனி அட்டை உண்டு. மற்றதில் மென்பொருள் மட்டுமே. இரண்டும் ஓடுகின்றன. பெருமைதான்.

9 மார்ச்

"சேவ் பண்ண உடனே கரண்ட் போனா என்னப்பா ஆகும்?" என்று எல்வின் கேட்டான். சேமித்ததாகத் திரை சொன்ன கணமே சுவிட்சை அணைத்து, பத்துப் பத்து முறை சோதித்தோம். அட்டை உள்ளதில் பத்துக் கோப்புகளும் பிழைத்தன. மென்பொருள் மட்டும் உள்ளதில் ஒன்பது போயின; நினைவகத்தில் தேங்கியிருந்தது வட்டுக்குப் போகுமுன் மின்சாரத்தோடு அழிந்துவிட்டது.

10 மார்ச்

1994. என் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள் என் மனைவி கெர்ட்ரூட். நாற்பது பக்க வாதுரை, மறுநாள் விசாரணை. "சேவ் பண்ணிட்டேங்க" என்றாள். இடி இடித்தது. முன்னெச்சரிக்கையாக, சுவரிலிருந்த சுவிட்சை நான்தான் அணைத்தேன். பிறகு கோப்பு திறக்கவில்லை. "நீ சேமிக்கவே இல்லை, பொய் சொல்கிறாய்" என்றேன், ஊழியர்கள் முன்னிலையில். அன்றோடு அவள் அலுவலகம் வருவதை நிறுத்தினாள். அதன்பின் எனக்காக ஒரு வரிகூடத் தட்டச்சு செய்ததில்லை.

அன்று அவள் தட்டச்சு செய்தது, மென்பொருள் மட்டும் உள்ள கணினியில்.

அப்போ — நான்தானே அழிச்சேன்?

11 மார்ச்

கெர்ட்ரூடிடம் சொல்லிவிட்டேன். "அலமாக்! தீர்ப்பு வர முப்பத்தோரு வருஷமா, லாயர் சார்?" என்றாள். அரிசி களையப் போய்விட்டாள்.

16 மார்ச்

பழித்தது பிறர் முன்னிலையில். திரும்பப் பெறுவதும் அவர்கள் முன்னிலையில்தான் முறை. அன்று அங்கிருந்த குமாஸ்தாக்கள் ஜெயபாலனையும் ராஜம்மாவையும் தேநீருக்கு அழைத்துச் சோதனையைக் காட்டினேன்.

"அக்கா சேவ் பண்ணத நான் பாத்தேன் சார்" என்றார் ஜெயபாலன்.

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லலா."

ராஜம்மா சிரிப்பை அடக்க முடியாமல் கோப்பையைக் கீழே வைத்தார். முப்பத்தெட்டு ஆண்டுகள் குறுக்கு விசாரணை செய்தவன் நான்!

அறிக்கை தயாரிக்க உட்கார்ந்தேன். கெர்ட்ரூட் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"தள்ளுங்க, நான் அடிக்கிறேன். நீங்க சுவிட்சுப் பக்கம் மட்டும் போயிடாதீங்க."

நான் சொல்லச் சொல்ல அடித்தாள். ஒரு பிழைகூட இல்லை. என் பெயரில் வெளியான ஆவணங்களில் நான் மிகவும் பெருமைப்படுவது இதுவே:

"கெர்ட்ரூட் சேமித்தாள். அணைத்தவன் நான்."

(ஒப்பம்) லூயிஸ் சவரிமுத்து

சாட்சிகள்: ஜெயபாலன், ராஜம்மா