பொண்ணு பார்க்கப் போனதாக நினைத்தவள்

ராயபுரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மருமகளுக்கு,

உன்னைப் படிக்க விடாமல் எண்ணூருக்கு, உன் அம்மா வீட்டுக்கு, நான் அனுப்பிவிட்டதாகத் தெருவில் சொல்கிறார்கள். அது தவறு. எட்டு லட்சம் கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் பிசியோதெரபி சேர வேண்டாம் என்றுதான் சொன்னேன். எண்ணூருக்கு நீயாகத்தான் போனாய்.

முடித்ததும் மாதம் ஐம்பதாயிரம் சம்பளம் என்று அந்தக் கல்லூரிக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் சொன்னதை நீ நம்பினாய். நான் நேற்று திருவொற்றியூரில் ஒரு பிசியோதெரபி சென்டருக்கே போய், அங்கு வேலை செய்யும் பெண்ணிடம் அவள் சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன்.

"இன்னா ஆயா, பொண்ணு பாக்க வந்துகீறியா?" என்று சிரித்தாள். பிறகு, "கைக்கு இருபதாயிரம் வருது. அதுல பன்னெண்டு லோனுக்கே பூடுது" என்றாள்.

அரசுக் கல்லூரியில் உனக்குக் கிடைத்திருக்கும் டயாலிசிஸ் படிப்புக்குக் கட்டணம் சொற்பம். சம்பளம் ஏறக்குறைய இதேதான், அதையும் விசாரித்தேன். ஆனால் முழுவதும் உன் கைக்கு வரும்.

இவ்வளவும் தெரிந்தும் பிசியோதெரபிதான் வேண்டுமென்றால், கடன் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

கிளம்பும்போது அந்தப் பெண், "மாப்ள இன்னா பண்றாரு?" என்றாள். பெண் ஏற்கெனவே எங்கள் வீட்டுப் பெண்தான் என்றேன்.

"அப்போ அவங்க எங்க ஆயா?"

நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை சேர்க்கைக்குக் கடைசி நாள். போனில் பேசினால் இருவரும் கத்துவோம். எந்தப் படிப்பு, என்றைக்கு வருகிறாய் என்று எழுதி, இதைக் கொண்டுவரும் உன் கணவனிடமே கொடுத்தனுப்பு.

உன் அத்தை