பாரமில்லாத பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

என் மகளின் அடக்கம் முடிந்ததும் பரமாரிபோ நகரத்திலிருந்து ஊருக்குப் படகேறிவிட்டீர்கள்.

கல்லூரியில் என் ஜாவாப் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் வகுப்பு சிரிக்கும். அதனால்தான் மகளுக்கு விக்டோரியா ஷார்லட் என்று வைத்தேன். அவளுக்குக் காய்ச்சல் கண்டதும், பெயர் மாற்றும் சடங்குக்கான சிவப்பு, வெள்ளைக் கஞ்சியோடு மருத்துவமனைக்கே வந்துவிட்டீர்கள்.

"இவ்வளவு நீளப் பேரைச் சுமந்தா பிள்ளை எப்படிம்மா எந்திரிக்கும்? பொனிரான்னு மாத்திடு."

"டாக்டர் பாத்துக்குவார்ப்பா. உங்க கஞ்சியை நீங்களே குடிங்க."

பெயரால் காய்ச்சல் வராது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் கஞ்சியில் ஒரு வாய் சாப்பிட்டிருக்கலாம்.

நேற்று கல்லறைப் பலகை எழுதுபவர் பெயர் கேட்டார். பொனிரா என்றேன். பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறதே என்றார்.

"இது அவ தாத்தா வச்ச பேரு" என்றேன்.

உங்கள் மகள்