இருபத்தெட்டாம் தேதி வரை கூப்பிடாதே

மாறனுக்கு அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, வெண்மதி, நான் மூன்று பேரும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த மட்டுக்கும் அம்பகரத்தூர் அம்மன் குறை வைக்கவில்லை, நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று நினைப்பாய். போனில் நீதான் பேசுகிறாய், நான் உம் உம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்ல வந்தது வாயிலேயே நின்றுவிடுகிறது. சஃபியுல்லா லீவு முடிந்து வியாழக்கிழமை குவைத் திரும்புகிறான், நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் உன் ரூமில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். உன் தங்கச்சி வெண்மதிக்கு இது தெரியாது, நீயும் காட்டிக்கொள்ளாதே.

குரும்பகரத்தில் மழை விட்டு விட்டுப் பெய்கிறது, கதிர் வெளியே வருகிற நேரத்தில் கீழண்டை வயலில் தண்ணீர் வடிய மாட்டேன் என்கிறது. அப்பா வாஞ்சூர் துறைமுகத்தில் பகல் முழுக்க நிலக்கரி லாரி எடை பார்த்துவிட்டு வந்து, அந்த அலுப்போடேயே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார். இடுப்பு வலிக்கு டாக்டரிடம் போங்கள் என்றால், எல்லாம் அறுப்புக்கு அப்புறம் பாத்துக்கலாம் என்கிறார். அவர் சட்டையில் ஏறுகிற கரித்தூள் எத்தனை தரம் கசக்கினாலும் போவதில்லை, எனக்கும் கை ஓய்ந்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் நீ, லேப்டாப்பெல்லாம் எதுக்கும்மா, உன் போனுக்குள்ளயே லினக்ஸ் போட்டுடலாம், முழு கம்ப்யூட்டராயிடும் என்று சொல்லி, உனக்கிருந்த ஒரே லீவு நாளைப் பக்கத்து வீட்டுப் போனில் வீடியோவிலேயே கழித்துத் தங்கச்சிக்குப் போட்டுக் கொடுத்தாயே. அன்றைக்கு அவள் குதித்த குதி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உன்னைக் குறை சொல்லவில்லையடா, ஆனால் அது அவளைப் படுத்துகிறது. வயல் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டுகிற ஒரு சின்னக் கருவி செய்கிறாள் இல்லையா, அதை ஒயரால் போனில் சேர்த்தால் உள்ளே இருக்கிற லினக்ஸுக்கு அது தெரியவே இல்லையாம். அந்த வேலைக்காகவே மழையில் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போகிறாள், அங்கே நாலு மணிக்கு லேப்பைப் பூட்டிவிடுகிறார்கள். அந்த உப்பு அளவையெல்லாம் போட்டு ஓட்டுகிற கணக்கு அங்கே இருபது நிமிஷத்தில் முடிகிறது, வீட்டில் போனில் ஆறு மணி நேரம் ஓடுகிறது. ராத்திரி ஓட விட்டுத் தூங்கலாம் என்றால், திரை அணைந்து கொஞ்ச நேரத்தில் போனே அதை நிறுத்திவிடுகிறது, அதனால் சாயங்காலம் ஐந்திலிருந்து பதினொன்று வரை விரலால் திரையைத் தட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். இதற்கு வழியே இல்லையா என்று கேட்டேன். நம்ம லினக்ஸ் அந்தப் போன்ல வாடகைக்குத்தாம்மா குடியிருக்கு, மெயின் சுவிட்ச் வீட்டுக்காரன் கையில என்றாள். அந்த சுவிட்சை நம் கைக்குக் கொண்டுவருவதற்குப் பேர்தான் ரூட்டாம். அதைச் செய்தால் போனில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும், பேங்க் ஆப்பும் திறக்காமல் போனாலும் போகுமாம். வீட்டுக்கே இந்த ஒரு போன்தான், அப்பா சம்பளம் வந்ததா இல்லையா என்று பார்ப்பதே அதில்தான், யார் கை வைப்பது?

நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை மழைக்காகக் கல்லூரி லீவு, காலையிலேயே கணக்கை ஓட விட்டவள், திரையை அப்பப்போது தட்டச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் கடைக்குப் போயிருந்தாள். போனைத் தொட்டேன், தோசைக்கல்லாகக் கொதித்தது. நீ குவைத்துக்குக் கிளம்பும்போது, போன் சூடானா எல்லாத்தையும் மேல தள்ளி மூடிடும்மா, சார்ஜ் நிக்கும் என்று சொல்லிக்கொடுத்தாய். மூன்று வருஷமாகத் தவறாமல் செய்கிறேன், அன்றைக்கும் ஒன்று விடாமல் தள்ளி மூடினேன். ஐந்து மணி நேரம் ஓடியது அத்தனையும் போச்சு. வந்து பார்த்தாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய், நான் பெருக்கி வைத்திருந்த வாசலையே மறுபடி பெருக்கினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அதிலிருந்து நான் போனைத் தொடுவதில்லை. ஆனால் எட்டு மணிக்கு உன் வீடியோ வந்துவிடுகிறது. அதை எடுத்ததும் லினக்ஸ் தானாக மூடிக்கொள்கிறது, இரண்டையும் சேர்த்துத் தாங்க அந்தப் போனுக்குத் தெம்பு இல்லையாம். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், போன வாரம் நாலு நாள் இப்படியே போயிற்று. உன்னிடம் சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தபோது என் கையைப் பிடித்து அழுத்தினாள். அப்புறம், சொல்லாதம்மா, அண்ணன் பாவம், நாள் பூரா வெயில்ல கெடந்துட்டு நம்ம மொகத்தப் பாக்கத்தானே கூப்புடுது என்றாள். நீ கேட்கும்போதெல்லாம் சூப்பரா ஓடுதுண்ணே என்று சிரிக்கிறாளே, அது அத்தனையும் பொய். வருகிற இருபத்தெட்டாம் தேதி கல்லூரியில் எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்த வருஷம் போய்விடும். பிள்ளை கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடக்கிறது, பார்க்க முடியவில்லை.

அதனால் இருபத்தெட்டு வரை கூப்பிடாதேப்பா. டூட்டி மாத்திட்டாங்க, சாயங்காலம் பேச முடியாது என்று அவளுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடு. அவள் உனக்குச் சொன்ன பொய்க்கு நீயும் ஒன்று சொன்னால் தப்பில்லை. அவசரம் என்றால் பக்கத்து வீட்டு சௌந்தரவல்லி அக்கா நம்பருக்குப் போடு. ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே, வெயிலில் தலையில் துண்டு இல்லாமல் நிற்காதே. உனக்கு ஒரு கெடுதலும் அண்டாமல் அம்மன் காக்கட்டும். இருபத்தெட்டாம் தேதி எட்டு மணிக்குக் கூப்பிடு, ஏழு மணியிலிருந்தே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதுவரைக்கும் எட்டு மணி அடித்தால், பிள்ளை இந்நேரம் சாப்பிட்டிருப்பான் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் அம்மா,
அஞ்சுகம்